ஒன்பதாம் அறை

உடுப்பைக் கழற்றி, தலை முழுகி,
பண்ணையின் நீல உடுப்புக்குள் நுழைந்த பிறகுதான்
உள்கதவு திறக்கும்.
வெளியே சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
நிவர்வில் வீதியில் பனி தள்ளும் வண்டி
இன்னும் வரவில்லை.

மூன்றாம் அறையைக் கழுவியவள் நான்.
ஊறவிட்டு, சுடுநீர் பீய்ச்சி,
தரைச் சட்டங்களின் இடுக்கில்
போன கூட்டம் விட்டுச்சென்றதையெல்லாம்
முழங்காலில் நின்று சுரண்டி,
மருந்து நுரை அடித்து,
இரண்டு நாள் காயவிட்டேன்.
காய்வதும் வேலைதான்.
யாரும் செய்யாத,
யாருக்கும் சம்பளம் இல்லாத வேலை.

நாலாம் அறைக்கு அந்த இரண்டு நாள் வாய்க்கவில்லை.
குட்டிகளோடு லொறி முந்திவிட்டது.
'ஒருக்கால் தண்ணி அடி, போதும், தாவா'
என்றார் ஐசக் ப்ரீசன்.
தவமலர் என்ற பெயரில்
அவர் வாய்க்கு எட்டியது அவ்வளவுதான்.
எரிவாயு விலைக்குப் பயந்து
காற்றாடியையும் பாதியாகக் குறைத்தார்.

ஒரே தாய்ப்பண்ணை. ஒரே பார்லி, ஒரே சோயா.
இருபத்தைந்து கிலோவில் இறங்கியவை எல்லாம்.

மூன்றாம் அறையில்
தொட்டி நிரம்பும் சத்தத்துக்கே எழுந்து
இடித்துத் தள்ளித் தின்று
உலர்ந்த பக்கம் பார்த்துச் சரிந்து தூங்கின.
நாலாம் அறையில்
இருமல்தான் முதலில் எழுந்தது.
படுக்கிற இடமே கழிக்கிற இடமாகி,
விலாவெல்லாம் பிசுக்கு.
அமோனியா என் கண்ணைக் கரிக்கும்.
மூக்கால் உலகை அறிகிற பிராணிக்கு
அந்த நெடியில் பார்லி எப்படி மணக்கும்?
வந்து முகர்ந்து
போய்ப் படுத்துக்கொண்டன.

'கொஞ்சம் தின்பதும் உள்ளே நடக்கிற சண்டைக்கே போகுது'
என்றான் ரொதெல், ஊசி போட்டபடி.
சண்டைக்குத் தீனி போட்டால்
சதைக்கு என்ன மிஞ்சும்?
அதை எனக்கு யாரும்
விளக்க வேண்டியதில்லை.

ஏழாம் கிழமை நிறுத்தோம்.
அங்கே அறுபத்தொன்பது. இங்கே அறுபத்திரண்டு.
ஐசக் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு
மறுபடி போட்டுக்கொண்டார்.
மறுநாளே காற்றாடிக்காரன் வந்தான்.
லொறியை ஒத்திவைக்கத் தொலைபேசி போனது.
தலைக்கு ஏழு கிலோ
எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது!

இரவு நிலவறைக்கு இறங்கினேன்.
இதுவும் ஐசக்கின் வீடுதான், மாத வாடகைக்கு.
யன்னல் விளிம்பில் உட்பக்கமாகப் பனிக்கட்டி.
கட்டிலை இழுத்தால்
சுவரில் கடுகு கொட்டிப் பரப்பியதுபோல் கறுப்பு.
துடைத்தேன். போன மாதமும் துடைத்தேன்.
ஆரூரன் இருமிவிட்டுத்
தட்டைத் தள்ளிவைத்தான்.
'சோறு சுவர் மாதிரி மணக்குது, அம்மா.'

செப்டம்பரில் வாங்கிய காற்சட்டை
பெப்ரவரியிலும் அளவாகவே இருக்கிறது.
காசு மிச்சம் என்று
நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

கிழமைப் பதிவேட்டில் எட்டு அறைக்கு எட்டு வரி.
அடியில் ஸ்கேல் வைத்து
ஒன்பதாவது கோடு போட்டேன்.
தலை: ஒன்று.
இருமல்: உண்டு, இரவில் கூட.
தீனி: பாதி மிச்சம்.
ஈரம்: சுவர் நீளத்துக்கு.
எடை: பதினேழரை, மருந்துக்கடைத் தராசில்.
தேவை: காலிசெய்து கழுவ வேண்டும்,
காற்றாடி ஒன்று,
காய இரண்டு நாள்.

வெள்ளிக்கிழமை
ஐசக் விரலால் வரி வரியாக இறங்கி வந்தார்.
விரல் நின்றது.
'எங்களிட்ட எட்டு அறைதானே, தாவா?'

'ஒன்று கீழே இருக்கு' என்றேன்.

அப்போது மூன்றாம் அறையில்
தீனிக்குழாய் திறந்து கொட்டத் தொடங்கியது.
ஒன்று விடாமல் எழுந்து ஓடுகிற
அந்தக் குளம்புச் சத்தம் அடங்கும்வரை
அவரும் பேசவில்லை, நானும்.